பைதான் நிரலுக்குப் பூட்டுகள்: போட்டும் பார்த்தேன், உடைக்கக் கொடுத்தும் பார்த்தேன்

"அளவு தவரு. மீண்டும் உள்ளிடவும்."

யாரோ ஒருவர் தன் மென்பொருளை விளம்பரப்படுத்தி அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டில் இந்த வரியைப் பார்த்தேன். 'தவறு' என்பதைத் 'தவரு' என்று எழுதிய ஆள் நான்தான். ஒரு நள்ளிரவில் வேகவேகமாகத் தட்டியது. திருத்த வேண்டும், திருத்த வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் படத்தில் பொத்தான்களின் நிறம் மாறியிருந்தது, மென்பொருளின் பெயர் மாறியிருந்தது, என் பெயர் இருந்த இடத்தில் வேறொருவர் பெயர். றகரப் பிழை மட்டும் பத்திரமாக இருந்தது.

பைதான் மொழியில் நான் எழுதிய அந்த நிரல் செய்வது சின்ன வேலை. பெரிய பலகையிலிருந்தோ கண்ணாடித் தகட்டிலிருந்தோ தேவையான துண்டுகளை எந்த வரிசையில் வெட்டினால் கழிவு குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். திரை, அச்சு, கோப்பு வாசிப்பு எல்லாம் யாரும் எழுதிவிடலாம். நடுவில் இருக்கும் 1,400 வரிகள்தான் என் சொத்து. இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதைத்தான் முன்பு வாங்கிய ஒரு வாடிக்கையாளர் அப்படியே எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார்.

புதிய பதிப்பை வெளியே விடுவதற்கு முன், பைதான் சோர்ஸ் கோடை, அதாவது நாம் எழுதும் மூல நிரலைக் காப்பதாகச் சொல்லப்படும் கருவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். போட்டவன் நானே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அதில் அர்த்தமில்லை. கல்லூரிக் காலத்து நண்பன் ஒருவன் மென்பொருள் பாதுகாப்புச் சோதனையில் இருக்கிறான். வாடிக்கையாளருக்குப் போகிற அதே பொதியை அவனுக்கும் அனுப்பினேன். "சனி, ஞாயிறுக்குள் என் கணக்கை எனக்கே விளக்கிச் சொல்" என்பதுதான் பந்தயம். அப்படி நாலைந்து வார இறுதிகள் போயின. இந்த விமர்சனத்தில் பாதி அவன் எழுதியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதலில் என் பழைய பூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். சோர்ஸ் கோப்புகளை அழித்துவிட்டு, பைதான் தானே உருவாக்கும் பிஒய்சி கோப்புகளை (நிரலைப் பைட்கோடு என்ற இடைநிலைக் கட்டளைகளாக மாற்றி வைத்தவை) மட்டும் கொடுத்திருந்தேன். திறந்து பார்த்தால் புரியாத எழுத்துகளாகத் தெரியும், எனவே யாருக்கும் புரியாது என்று நம்பியிருந்தேன். நண்பன் பத்து நிமிடத்தில் போன் செய்தான். "என்னடா, பூட்டுன்னு சொன்ன? கதவே இல்லையே!"

விஷயம் இதுதான். பைதான் 3.7 முதல் பிஒய்சி கோப்பின் தலைப்பகுதி 16 பைட். அதைத் தள்ளிவிட்டு மீதியை, பைதானோடு கூடவே வரும் மார்ஷல் தொகுதியிடம் கொடுத்தால் கோட் ஆப்ஜெக்ட் (பைட்கோடும் அதற்கு வேண்டிய விவரங்களும் அடங்கிய மூட்டை) கைக்கு வந்துவிடும். அதில் ஃபங்ஷன் பெயர், மாறிகளின் பெயர், எண்கள், செய்திகள், டாக்ஸ்டிரிங் (ஃபங்ஷனுக்குள் எழுதி வைக்கும் விளக்கம்) எல்லாமே உட்கார்ந்திருக்கும். தொலைந்துபோவது கமெண்ட் வரிகள் மட்டும்தான். என் கோப்பில் என் கணினியின் ஃபோல்டர் பாதைகூட, என் பெயரோடு சேர்த்து, இருந்தது. போதாததற்கு நான் கொடுத்திருந்தது 3.8 பதிப்பு. அன்கம்பைல்6 என்ற இலவச டிகம்பைலர் சரியாக அந்தப் பதிப்பு வரை வேலை செய்யும். கொடுத்த கோப்பை வாங்கி, வாசிக்கிற மாதிரி பைதானாகவே திருப்பிக் கொடுத்துவிடும். 3.11-இல் பைட்கோடு நிறைய மாறியதால் புதிய பதிப்புகளில் டிகம்பைலர்கள் தடுமாறுகின்றன என்பது உண்மை. ஆனால் டிஸ் தொகுதி பைட்கோடை வரிசையாகப் பிரித்துக் காட்டுவதை யார் தடுப்பது? அந்தப் பட்டியலை ஒரு ஏஐ மாடலிடம் ஒட்டினால் அது பெரும்பாலும் சரியாக எழுதித் தந்துவிடுகிறது. நண்பன் என் கண்முன்னாலேயே செய்து காட்டினான்.

பைஇன்ஸ்டாலரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நல்ல கருவி, பைதான் நிறுவாத கணினியிலும் நிரலை ஓட வைக்கும், அதற்காகவே நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது பெட்டி, பூட்டு அல்ல. பைட்கோடை ஓட்டும் இன்டர்பிரட்டரையும் அதே பிஒய்சி கோப்புகளையும் சேர்த்து ஒரு எக்ஸி (விண்டோஸில் நேராக ஓடும் கோப்பு) ஆக்குகிறது, அவ்வளவுதான். பிரித்தெடுக்கத் தயார்நிலையில் ஸ்கிரிப்ட் கிடைக்கிறது. முன்பு அதில் 'கீ' என்று ஒரு தேர்வு இருந்தது, பைட்கோடை மறையாக்கம் செய்து வைக்கும். நிரல் ஓடுவதற்கு அந்தச் சாவி வேண்டுமே, அதனால் சாவியும் அதே பொதிக்குள் இருந்தது. பூட்டிலேயே சாவியைத் தொங்கவிட்ட கதை. 2023-இல் வந்த 6.0 பதிப்பில் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். எடுத்தது நேர்மையான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றியது. பழைய பயிற்சிப் பாடங்களைப் பார்த்து இன்னும் பலர் அந்தத் தேர்வைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து பைஆர்மர். இந்தத் துறையில் முதலில் காதில் விழும் பெயர் இதுதான். காரணமும் இருக்கிறது. ஒரே கட்டளை. 'பைஆர்மர் ஜென்' என்று கொடுத்துக் கோப்பின் பெயரைச் சொன்னால் டிஸ்ட் ஃபோல்டரில் புதிய கோப்பு வந்துவிடும். அதைத் திறந்தால் இரண்டே விஷயம்: ரன்டைமை (மூடியதை அவிழ்த்து ஓட்டும் பைஆர்மரின் துணை நிரலை) இறக்குமதி செய்யும் வரி, அப்புறம் பக்கம் பக்கமாகப் பைட் குப்பை. ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படும்போது மட்டும் அதன் பைட்கோடு அவிழ்க்கப்படும், முடிந்ததும் திரும்ப மூடிக்கொள்ளும். முழு நிரலும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் திறந்து கிடக்காது. இந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. காலாவதித் தேதி வைப்பது, குறிப்பிட்ட கணினியோடு கட்டிப்போடுவது போன்றவையும் அதிலேயே வருகின்றன. தனியாக எழுத வேண்டாம்.

இலவசமாகச் சோதிக்கக் கிடைக்கும் பதிப்பில் பெரிய ஸ்கிரிப்ட் ஏறாது, செய்திகளை மறைக்கும் வசதியும் கிடையாது. அதை வைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். பணம் கட்டும் உயர் பதிப்பில் பிசிசி என்ற முறை இருக்கிறது. ஃபங்ஷன்களை சி மொழிக்கு மாற்றி, எந்திரக் கட்டளைகளாக்கி வைப்பது. பெயர்களை மாற்றிவிடும் ஆர்எஃப்டி முறையும் உண்டு. பைஆர்மரின் உண்மையான பலம் இந்த இரண்டிலும்தான். ஆர்எஃப்டி போடும்போது, கெட்ஆட்டர் மாதிரி பெயரைச் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராகக் கொடுத்துத் தேடும் இடங்கள் உங்கள் நிரலில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெயர் மாறிவிட்டால் அந்தத் தேடல் எதையும் கண்டுபிடிக்காது.

நான் மாட்டிக்கொண்டது வேறிடத்தில், அதுவும் என் தவறால். சோதனைக் கணினியில் பைதானை 3.10-இலிருந்து 3.11-க்கு ஏற்றினேன், நிரல் எழுந்திருக்கவே இல்லை. எந்தப் பைதான் பதிப்பில் மூடினோமோ அதே பதிப்பில்தான் ஓடும் என்பது அதன் ஆவணத்திலேயே இருக்கிறது. நான் படிக்காமல் அரைநாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இயங்குதளத்துக்கும் இதே கதைதான்.

நண்பனின் ஆட்சேபம் ஆழமானது. "உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே பூட்டைப் போடுறாங்க. அப்ப ஒருத்தன் உட்கார்ந்து அந்தப் பூட்டைப் படிச்சா, அத்தனை வீடும் திறக்கும்." இயல்பான அமைப்பில் மூடிய கோப்புகளை, ஓட்டாமலேயே பிரித்துக் காட்டும் கருவிகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. தீம்பொருள் எழுதுபவர்களும் பைஆர்மரைப் பயன்படுத்துவதால் அதை உடைப்பதற்குப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கே தேவை இருக்கிறது. நாம் ஒதுங்கிப் போனாலும், வேறு யாரையோ பிடிக்கச் செய்த சாவி நம் வீட்டுக்கும் பொருந்தும்.

சொந்தமாகவே ஒரு பூட்டு செய்துகொண்டால்? கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனம் அதைத்தான் செய்தது. அதன் கணினிச் செயலி பைதானில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பைட்கோடு கட்டளைக்கும் உரிய ஓப்கோடு எண்களைக் கலைத்துப் போட்ட, தங்களுக்கென்றே மாற்றிய இன்டர்பிரட்டரோடு, பைட்கோடை மறையாக்கம் செய்து வெளியிட்டார்கள். 2013-இல் யூசெனிக்ஸ் என்ற கணினித் துறைச் சங்கத்தின் வூட் பாதுகாப்புப் பட்டறையில் இரண்டு ஆய்வாளர்கள் அதைத் திறந்து சோர்ஸ் கோடை மீட்டெடுத்த விதத்தைக் கட்டுரையாகவே வைத்தார்கள். பைதானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, சொந்தமாக இன்டர்பிரட்டரைத் திருத்தும் ஆசையை விட்டுவிட்டேன்.

நூயிட்கா வேறு ரகம். இது மறைக்கும் கருவியே அல்ல, கம்பைலர். உங்கள் பைதானை சி மொழியாக்கி, சி கம்பைலரிடம் கொடுத்து, எந்திரக் கட்டளைகளாக்கிவிடும். உங்கள் ஃபங்ஷன்களுக்குப் பைட்கோடே இருக்காது, எனவே டிகம்பைலருக்கு மெல்ல எதுவும் கிடைக்காது. பைதானின் வசதிகள் ஏறக்குறைய எல்லாமே அப்படியே ஓடுகின்றன. எனக்கு ஒரு வரிகூட மாற்ற வேண்டி வரவில்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பொறுமை வேண்டும். என் பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு முறை கட்டும்போதும் கால் மணி நேரத்துக்கு மேல் விசிறி அலறிக்கொண்டிருந்தது.

ஒரே கோப்பாகக் கட்டினால், ஓடும்போது தன்னைத்தானே தற்காலிக ஃபோல்டரில் அவிழ்த்துக்கொண்டு ஓடும். இந்த நடத்தை ஆன்டிவைரஸ்களுக்குப் பிடிக்காது. ஒன்று என் எக்ஸியை வாசலிலேயே பிடித்து உள்ளே போட்டுவிட்டது. வாடிக்கையாளரிடம் 'இது வைரஸ் இல்லை' என்று விளக்குவது எவ்வளவு அசிங்கம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். ஃபோல்டராகவே கொடுத்தபோது தொல்லை குறைந்தது.

இலவச நூயிட்காவில் இன்னொன்றைக் கவனியுங்கள். கட்டளைகள் மறையும், செய்திகளும் பெயர்களும் மறையாது. உள்ளே இருக்கும் சரங்களை உருவி எடுத்துவிடலாம். கடவுச்சொல்லையோ ஏபிஐ சாவியையோ (வேறொரு சேவையை அழைக்க உதவும் ரகசியக் குறியீடு) நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால் அது அங்கே பளிச்சென்று தெரியும். அந்தத் தரவையும் மறைப்பது அவர்களின் வணிகப் பதிப்பின் வேலை. முழு டெஸ்க்டாப் செயலி விற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நூயிட்காதான். எனக்குத் தேவை 1,400 வரிகளை மட்டும் மூடுவது.

அதற்குச் சரியாகப் பொருந்தியது சைதான். (ஒரு 'த்' கூடிவிட்டால் வேறு ஆள் வந்து நிற்பார், கவனமாக எழுதுங்கள்.) பைதானில் கணக்கு வேகமாக ஓட வேண்டும் என்பதற்காகப் பிறந்த கருவி அது. காப்பது அதற்குப் பக்க விளைவு. கோப்பை சி ஆக மாற்றி, லினக்ஸில் எஸ்ஓ, விண்டோஸில் பிஒய்டி கோப்பாகக் கட்டித் தரும். மீதி நிரல் சாதாரணப் பைதானாகவே இருந்து, அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்குமதி செய்துகொள்ளும். நான் பயன்படுத்தியது 2023-இல் வந்த 3.0 வரிசை. எதையும் மாற்றாமல் கட்டியபோதே 50 வினாடிக் கணக்கு 35-க்கு வந்தது. உள் சுழற்சிகளில் மாறிகளுக்கு வகை குறித்ததும் நாலு வினாடி. பூட்டு வாங்கப் போய் வண்டியும் கிடைத்த மாதிரி.

பெருமையோடு பொதியை நண்பனுக்கு அனுப்பினேன். அன்று போன் வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தான், பேச்சே வரவில்லை. நான் ஃபோல்டரை அப்படியே சுருக்கி அனுப்பியிருக்கிறேன். அதில் சைதான் உருவாக்கிய சி கோப்பும் இருந்திருக்கிறது. அந்த சி கோப்பில், எந்தப் பைதான் வரிக்கு எந்த சி வரிகள் என்று காட்டுவதற்காக, மூல வரிகள் எல்லாம் கமெண்ட்டாக எழுதப்பட்டிருக்கும். என் 1,400 வரிகள், வரி எண்களோடு! பிஒய்சியில்கூடக் கமெண்ட்டுகள் போய்விடும். இங்கே 'இதை ஏன் இப்படிச் செய்தேன்' என்று எனக்காக எழுதி வைத்திருந்ததும் சேர்ந்து போயிருந்தது. வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கு முன்னால் நண்பனுக்கு அனுப்பியது என் முன்ஜென்மப் புண்ணியம்.

எனவே, எஸ்ஓ கோப்பு மட்டும் போக வேண்டும். பைதானில் நிறுவுவதற்கான வீல் பொதியாகக் கட்டினால், அதைக் கட்டும் செட்அப்டூல்ஸ் கருவி சோர்ஸ் கோப்புகளையும் வழக்கம்போல உள்ளே வைத்துவிடும். கட்டிய பிறகு அந்தப் பொதியை அவிழ்த்து ஒரு முறை கண்ணால் பாருங்கள். டாக்ஸ்டிரிங்கை நீக்கும் தேர்வு சைதானில் இருக்கிறது, அதையும் போடுங்கள். நான் டாக்ஸ்டிரிங்கில் கணக்கின் சூத்திரத்தையே எழுதி வைத்திருந்தேன்.

மூன்றாவது முறை ஒழுங்காக அனுப்பினேன். கோப்புக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்களைப் பொறுக்கிக் காட்டும் ஸ்டிரிங்ஸ் கட்டளையை அவன் முதலில் ஓட்டியிருக்கிறான். ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் வந்தன, தமிழ்ச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷம். அந்தக் கட்டளை இயல்பாக ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) மட்டும்தான் தேடும். எட்டு பிட் எழுத்துகளையும் பார் என்று ஒரு தேர்வைச் சேர்த்ததும் 'அளவு தவரு' வந்து நின்றது. தமிழில் எழுதினால் ஒளிந்துகொள்ளலாம் என்பது இவ்வளவுதான். (பைதான் 3-இல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம், அதுவே பாதுகாப்பு என்று ஒருவர் எனக்கு யோசனை சொன்னார். திருடுகிறவருக்கும் தமிழ் தெரிந்தால்?)

பிறகு லைசன்ஸ் சோதனையைத் தூக்கினான். மூடிய கோப்புக்குள் 'லைசன்ஸ் சரியா' என்று கேட்கும் ஒரு ஃபங்ஷன் வைத்திருந்தேன். அவன் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. வெளியிலிருந்து இறக்குமதி செய்தான், அந்தப் பெயருக்கு எப்போதும் 'சரி' என்று சொல்லும் ஒரு லாம்டாவை (ஒரே வரி ஃபங்ஷன்) மாட்டிவிட்டான், ஓட்டினான். மூன்று வரி. சைதானில் சாதாரணமாக எழுதிய ஃபங்ஷன், அதே கோப்புக்குள்ளிருந்து அழைத்தாலும் தொகுதியின் பெயர்ப் பட்டியலில் தேடித்தான் எடுக்கப்படுகிறது. பட்டியலில் வேறு ஆளை உட்கார வைத்தால் அவரைத்தான் அழைக்கும். சிஃபங்க் என்று குறித்தால் அது சி ஃபங்ஷனாக மாறி வெளியே தெரியாமல் போய்விடும். இது தெரியாமல் எத்தனை பேர் லைசன்ஸ் சோதனை எழுதி வைத்திருப்பார்களோ!

லைசன்ஸ் தவறாக இருந்தால் நிறுத்தாமல், கணக்கை மட்டும் லேசாகக் கெடுத்துவிடு என்று நண்பன் சொன்னான். திருடியவருக்குக் காரணமே புரியாதாம். நான் செய்யவில்லை. என் கணக்கை நம்பி யாரோ ஒரு தொழிலாளி நிஜமான கண்ணாடியை அறுப்பார்.

நான்காவது பொதியோடு அவன் இரண்டு நாளும் உட்கார்ந்தான். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் இலவசமாக வெளியிட்ட, எந்திரக் கட்டளைகளைப் பிரித்துக் காட்டும் கிட்ராவில் போட்டுப் பார்த்திருக்கிறான். ஞாயிறு இரவு அவன் சொன்னது: துண்டுகளை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறேன் என்பது புரிந்தது, எந்த இடத்தில் பின்வாங்கி வேறு வழி தேடுகிறது என்பதும் ஓரளவு புரிந்தது, கழிவுக்கு மதிப்புப் போடும் பகுதி பிடிபடவில்லை. "இன்னும் ரெண்டு வாரம் குடு, எடுத்துடுவேன். ஆனா அதுக்குள்ள நானே புதுசா ஒண்ணு எழுதிடுவேன்டா." இதைவிட நல்ல மதிப்பெண் எந்தக் கருவிக்கும் அவனிடமிருந்து கிடைக்கவில்லை.

இணையம் இருக்கும் இடத்தில் கணக்கை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டு விடையை மட்டும் அனுப்பினால் இந்தப் பாடு எதுவும் வேண்டாம். கைக்கு வராத கோப்பை யாராலும் பிரிக்க முடியாது. என் வாடிக்கையாளர்களின் பட்டறைக் கணினிகளில் இணையமே கிடையாது, அதனால் எனக்கு அந்த வழி இல்லை. நிரலையும் அது ஓட வேண்டியதையும் ஒன்றாகக் கட்டும் டாக்கர் கண்டெய்னராகக் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள், டாக்கர் சேவ் என்று ஒரு முறை கொடுத்து அதில் வரும் டார் கோப்பை அவிழ்த்துப் பாருங்கள்.

இப்போது என் ஏற்பாடு இதுதான். 1,400 வரிகள் சைதானில், லைசன்ஸ் சோதனை அதற்குள் சி ஃபங்ஷனாக. திரையும் அச்சும் திறந்த பைதானாகவே போகின்றன. வாங்குபவர் அதைத் திருத்திக்கொள்ளட்டும். ஒப்பந்தத்தில், நிரலைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்ற பத்தியை இந்த முறை நானே எழுதாமல் வழக்கறிஞரிடம் கேட்டு எழுதினேன். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பிரதியிலும் கண்ணில் படாத ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும், எங்கே பார்த்தாலும் யாருடைய பிரதி என்று எனக்குத் தெரிந்துவிடும். அது என்ன என்பதை நண்பனிடம்கூடச் சொல்லவில்லை.

போன வாரம் புதிய வாடிக்கையாளர் ஒருவர் மெயில் போட்டிருந்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரு செய்தியில் மட்டும் எழுத்துப்பிழை இருக்கிறது, 'தவறு' என்று வர வேண்டும் என்று. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன் என்று பதில் எழுதினேன். அடுத்த பதிப்பு நேற்று போய்விட்டது. திருத்தவில்லை.